இரண்டு விரல் அம்மையப்பன்

அமீரகத்தின் புஜைரா துறைமுகத்தை ஒட்டிய எண்ணெய்த் தொட்டி யார்டில் அம்மையப்பன் ஒன்பது வருடம் ரிக்கராக இருந்தார். கிரேன் கொக்கியில் குழாய்களைக் கட்டிவிட்டு, ஏற்று, இறக்கு, நிறுத்து என்று கையால் சைகை காட்டும் வேலை. பெரம்பலூர்ப் பக்கத்துக்காரர். அதிகம் பேசமாட்டார்.

போன ஜூனில் தூக்கும் பெல்ட் அறுந்து குழாய் சரிந்தது. வலது கையில் கட்டைவிரலும் கடைசி இரண்டு விரல்களும் போயின. ‘தொழிலாளியின் கவனக்குறைவு’ என்று ஃபோர்மேன் பன்னீர்செல்வம் ரிப்போர்ட் எழுதினார். பார்த்த சாட்சியாகக் கிரேன் ஆபரேட்டர் அஸ்கர் அலி கையெழுத்துப் போட்டார். அம்மையப்பனைக் கேட் டியூட்டிக்கு மாற்றினார்கள்.

கட்டுப் பிரித்த கையோடு மெஸ்ஸுக்கு வந்த முதல் நாளே பன்னீர்செல்வம் இரண்டு விரலை உயர்த்திக் காட்டினார்.

“எல்லாரும் எந்திரிங்கப்பா. சர்ச்சில் வர்றாரு.”

மெஸ்ஸே சிரித்தது. அன்றிலிருந்து சைட் முழுக்க அதுவே பெயர். எதிரில் வருகிறவனெல்லாம் இரண்டு விரலைத் தூக்கினான்.

யார் அந்தச் சர்ச்சில் என்று பிப்ரவரியில் ஒருநாள், ரூமில் கூடத் தங்கும் இர்ஷாத்திடம் அம்மையப்பன் கேட்டார். இர்ஷாத் போனில் படத்தைக் காட்டினான்.

“வெள்ளைக்காரப் பிரதமர்ணே. யுத்தத்துல ஜெயிப்போம்னு இப்படிக் காட்டுவார். நம்ம நாட்டுக்கு நல்லவர் இல்ல. ஆனா எதிரிய ஒழிக்க, ஆயுசு பூரா வெறுத்த ரஷ்யாக்காரனோடயே கூட்டுச் சேந்தார்.”

அம்மையப்பன் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. அஸ்கர் அலியின் முகம்தான் வந்தது. எட்டு மாதமாக அந்த முகத்தை அவர் ஏறிட்டுப் பார்த்ததில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து திரும்பிய அஸ்கர் அலியின் ரூம் வாசலில் போய் நின்றார்.

“பாய், பொண்ணு நிக்காஹ்வுக்கு லீவு கேட்டீங்களாமே. ஃபோர்மேன் குடுத்தாரா?”

அஸ்கர் அலி தலை குனிந்தார். “கிழிச்சுப் போட்டுட்டாரு.”

“அன்னிக்கு அந்தப் பெல்ட்டுல தூக்கச் சொன்னது யாரு?”

அஸ்கர் அலி குரலைத் தாழ்த்தினார். “அவர்தான். குழாயைக் கட்டுற நீ ஒத்துக்கமாட்டேன்னு அவருக்குத் தெரியும். அதான் எனக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டாரு. இன்னும் வச்சிருக்கேன். குடுத்தா என் கையெழுத்தும் பொய்னு ஆயிடுமே அம்மையப்பா.”

“பயந்து போட்டேன்னு சொல்லுங்க. உங்க மேல நான் ஒரு வார்த்த சொல்லமாட்டேன்.”

அதைச் சொல்ல அவருக்கு மனசே இல்லை. ஆனாலும் சொன்னார்.

அஸ்கர் அலி ஒத்துக்கொண்டார். பிறகு இருவரும் ஆய்வு நாளுக்காகக் காத்திருந்தார்கள். சேஃப்டி ஆய்வுக்கு வரும் மாஹிரா என்ற அதிகாரி எல்லோரிடமும் இங்கிலீஷில்தான் பேசுவார். ஆனால் ஒருமுறை கேட்டில் பெயர் பதியும்போது, அவர் தன் அம்மாவிடம் போனில் தமிழில் பேசியதை அம்மையப்பன் கேட்டிருந்தார். அது பன்னீர்செல்வத்துக்குத் தெரியாது.

மார்ச்சில் மாஹிரா மறுபடி வந்தார். யார்டு நடுவில், பன்னீர்செல்வம் பக்கத்தில் நிற்கும்போதே அஸ்கர் அலி போனை நீட்டி ஒலிக்கவிட்டார்.

“பெல்ட் கிழிஞ்சிருந்தா என்ன, கப்பல் நிக்குது. தூக்குய்யா. செத்தாப் பாத்துக்கலாம்.”

பன்னீர்செல்வம் இங்கிலீஷில் வேகமாக அர்த்தம் சொன்னார். பெல்ட்டை மாற்றச் சொன்னாராம், ஜாக்கிரதையாக இருக்கச் சொன்னாராம். முடிக்கும்வரை மாஹிரா பொறுமையாகக் கேட்டார்.

“இன்னொரு தடவ போடுங்க,” என்றார், தமிழில்.

பன்னீர்செல்வத்தின் முகம் சாம்பலாவதை அம்மையப்பன் கண் இமைக்காமல் பார்த்தார்.

பன்னிரண்டு நாளில் ஃபோர்மேனின் விசா கேன்சல். ஏர்போர்ட் வேனுக்குக் கேட்டைத் திறந்தது அம்மையப்பன்தான். பன்னீர்செல்வம் கண்ணாடியை இறக்கினார்.

“எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைங்க, அம்மையப்பா.”

“எனக்கும் புள்ளைங்க இருக்கு சார். நேரமாச்சு, கெளம்புங்க.”

ரிப்போர்ட் திருத்தப்பட்டது. அஸ்கர் அலிக்கு லீவு கிடைத்தது. நிக்காஹ் பத்திரிகையோடு வந்தவரிடம், “வச்சிட்டுப் போங்க பாய்,” என்றார் அம்மையப்பன். உட்காரச் சொல்லவில்லை.

ஊரிலிருந்து மனைவி சரோஜா போனில் கேட்டாள்: “இப்பவாச்சும் மனசு ஆறுச்சா?”

“ஆறல. ஆனா தூக்கம் வருது.”