சூளைக்குள் வைத்த பூச்சாடி

சிம்பாங் பூலாய் பூச்செடிக் கடையில் இன்று தொட்டிகளிலிருந்து எழுந்த ஈர மண்வாசம், எழுபதுகளின் கடைசியில் நான் படித்த ஈப்போ பள்ளியின் மண்பாண்ட வகுப்புக்கே என்னைக் கொண்டுபோனது. காலையில் அம்மாவோடு பால்வெட்டுக்குப் போய்விட்டு, கையில் ரப்பர் பால் நாற்றத்தோடு, ஈயம் தோண்டிக் கைவிட்ட பழைய லம்பத்து வெள்ளைக் களிமண்ணைப் பிசைந்து பிசைந்து நான் செய்த பூச்சாடியை, தலைமையாசிரியர் மகள் வசந்தியின் பெயரெழுதிக் கண்காட்சியில் வைத்தார் டீச்சர்.

"அது நான் செஞ்சது, டீச்சர்."

"எஸ்டேட் பிள்ளைக்குப் பேரு எதுக்குலா? வசந்திக்கு இன்னொன்னு செஞ்சு குடு."

செய்து கொடுத்தேன். மண்ணுக்குள் காற்று இருந்தால் சூளையில் வெடிக்கும் என்று சொல்லித் தந்தவரே அவர்தான். தடித்த அடிப்பாகத்துக்குள் காற்றை அடைத்து, மேலே வழவழவென்று தேய்த்துவிட்டேன். சூளையில் அது வெடித்ததில், மாநிலப் போட்டிக்காக டீச்சர் மாதக்கணக்கில் செதுக்கிப் பக்கத்தில் வைத்திருந்த பெரிய ஜாடியும் நொறுங்கியது.

அழுதுகொண்டே சில்லுகளைப் பொறுக்கிய டீச்சருக்கு நான்தான் கூடை பிடித்தேன்.

"நீ ஒருத்திதான்லா நல்ல பிள்ளை" என்றார்.

அந்த வார்த்தை இன்றும் எனக்கு இனிக்கிறது.