ஒன்பதாவது துணைக்கால்

தொண்ணூறுகளின் கடைசியில் காஞ்சிபுரத்தில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவனாக இருந்தேன். கல்யாணப் பத்திரிகை, திருவிழா நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி என்று மூன்று வகை இலக்கியங்களிலும் எனக்குப் பயிற்சி உண்டு. ஓய்வு நேரத்தில் பெரிய பெரிய புத்தகங்களைப் படிப்பேன். படித்ததை எங்காவது கொட்டவேண்டுமே என்ற தவிப்பில் இருந்தபோதுதான் செவிலிமேட்டிலிருந்து அந்த அண்ணனும் தங்கையும் வந்து மாட்டினார்கள்.

அண்ணன் எலெக்ட்ரிஷியன். திருவிழாக்களுக்கு சீரியல் பல்பு கட்டுவார், கட்டி முடித்த மேடையிலேயே ஏறி டோலக் வாசிப்பார். தங்கை பகலில் எஸ்டிடி பூத்தில் உட்கார்ந்திருப்பாள். ஞாயிறு காலையில் சர்ச்சில் பாடுவாள். மற்ற நேரமெல்லாம் தானே பாட்டு எழுதி, தானே மெட்டுப் போடுவாள். டவுன் பஸ், தண்ணீர் இல்லாத பாலாறு, தறிக்குழியில் காலைக் கடிக்கும் கொசு, எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரு பாட்டு இருந்தது. மேடையில் ஏறினால்தான் சிக்கல். கீழேயிருந்து சீட்டு வரும், சீட்டில் சினிமாப் பாட்டின் பெயர் இருக்கும்.

"எங்க பாட்டு மட்டுமே பாடப்போறோம்ணா. நெசவாளர் தெரு அம்மன் கோயில் திடல்ல எடம் குடுத்துட்டாங்க. நோட்டீஸ் போடணும். நாங்க யாருன்னு நாலு வரி எழுதிக் குடுங்க" என்றாள்.

அண்ணன் ஒரு தகவலையும் சேர்த்தார். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் புதிதாக வந்த தொழிற்சாலையில் தங்கைக்கு வேலை கிடைத்திருந்தது. மூன்று ஷிப்ட் வேலை. சேர்ந்தால் சாயங்காலக் கச்சேரிக்கெல்லாம் முழுக்குப் போட்டுவிட வேண்டியதுதான்.

"ஆடி முடியறதுக்குள்ள நாலு எடத்துலேர்ந்து அவங்களா வந்து கூப்பிடணும். நாங்க போய்க் கேக்கமாட்டோம். நாலு வந்தா பாட்டு. மூணு வந்தாகூட ஆவணி ஒண்ணாந்தேதி கம்பெனி பஸ் ஏறிடுவேன்" என்று அவள் விரலை மடக்கினாள்.

"அது என்ன நாலு?"

"அஞ்சு கெடைக்காதுண்ணா, அதான்."

ஒரு கலைஞரின் எதிர்காலம் என் பேனா முனையில் நிற்கிறது என்று புரிந்தது. அப்படிப் புரிந்ததுதான் எல்லா வினைக்கும் காரணம். மறுநாள் இருபத்துநான்கு வரி எழுதிக்கொண்டு பூத்துக்குப் போனேன். கண்ணாடிக் கதவை மூடிக்கொண்டு படித்துக் காட்டினேன்.

"'மூன்று வயதில் தொட்டிலிலேயே ராகங்களை ஆட்கொண்ட' — யாருண்ணா இது?"

"நீதான்."

"மூணு வயசுல எனக்குப் பேச்சே வரலண்ணா. ஊமையோன்னு எங்கம்மா டாக்டர் கிட்ட தூக்கிக்கினு ஓடுச்சு."

"சரி. 'லய பரம்பரையில் தோன்றிய' என்பது?"

"எங்கப்பா அரிசி மில்லுல மூட்டை தூக்கனாரு. அத எழுதுங்க."

"அதில் சங்கீதம் எங்கே இருக்கிறது?"

"மூட்டைய எறக்கும்போது அத்தினி பேரும் சேந்து ஒரு 'ஹும்' போடுவாங்க பாருங்க, அந்த எடத்துல வந்துதான் எங்கண்ணன் டோலக்க நிறுத்தும். கேட்டுப் பாருங்க."

நான் கேட்டுப் பார்க்கவில்லை. மூட்டை தூக்கினார் என்று எழுதினால் எவன் கச்சேரிக்கு வருவான்? 'லய பரம்பரை'யை அப்படியே விட்டேன். மேலே தலைப்பாக, இருக்கிறதிலேயே பெரிய எழுத்தில் மூன்று வரி கொடுத்தேன்: 'கானாமிர்த தாரா! அண்ணனும் தங்கையும் சொந்தமாகப் போட்ட கோர்வை! அசல் பாட்டு!'

கோர்வை என்பது தாள வாத்தியக்காரர்களின் சொல். ஒரே அடுக்கை மூன்று முறை வாசித்து, பாட்டு எடுக்கும் இடத்தில் சரியாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. எங்கள் ஊரில் அதற்கு இன்னோர் அர்த்தமும் உண்டு. புடவையின் உடம்பை ஒரு நிறத்திலும் கரையை வேறு நிறத்திலும் ஊடிழை ஓட்டும் நாடாக்கட்டை மூன்று போட்டு நெய்து, இரண்டையும் ஒட்டுத் தெரியாமல் இணைப்பதும் கோர்வைதான். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு, புத்தகம் படிக்கிற மும்முரத்தில், இது நினைவுக்கு வரவில்லை.

போதாததற்கு, பெரிய எழுத்துப் பெட்டியில் துணைக்கால்கள் மொத்தமே எட்டு. அச்சுக் கோர்ப்பவர் எட்டையும் வரிசையாகப் போட்டுக்கொண்டே வந்திருக்கிறார். கடைசி வரிக்கு வந்தபோது பெட்டி காலி. அசல் 'பாட்டு', அசல் 'பட்டு' ஆயிற்று.

"கால் தீந்துபோச்சு சார். உங்க கானாமிர்த தாராவே நாலு கால முழுங்கிடுச்சு. புரூஃப்ல நீங்க பாத்துச் சொல்லுவீங்கன்னு நெனச்சேன்" என்றார் பிறகு.

நான் பார்த்தேன். கையெழுத்தும் போட்டேன். அசல் பட்டு என்று எழுதாத பலகை அந்த ஊரில் ஏது? கண் அதைப் பழக்கதோஷத்தில் தாண்டிப் போய்விட்டது.

சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குத் திடலுக்குப் போனால், நாற்பது ஐம்பது நெசவாளர்கள் முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். என் மார்பு விம்மியது. எழுத்தின் வலிமை! நடுவில் ஒருவர், ஐம்பது வயதிருக்கும், சட்டைப் பையில் இழை எண்ணும் பூதக்கண்ணாடி வைத்திருந்தார். அண்ணன் டோலக்கை மடியில் வைத்ததும் அவர் எழுந்தார்.

"டோலக்கெல்லாம் இருக்கட்டும்பா. பொடவை எங்க?"

"எந்தப் பொடவைங்க?" என்றாள் தங்கை மைக்கில்.

"இன்னாம்மா இது? அசல் பட்டு, சொந்தமா போட்ட கோர்வைன்னு நோட்டீஸ் அடிச்சிக்கினு எந்தப் பொடவைன்றியே? கானாமிர்த தாரான்னா ஏதோ புது டிசைன் போலக்கீதுன்னு தறிய நிறுத்திட்டு வந்துக்கிறோம்!"

அவர் நீட்டிய நோட்டீஸை வாங்கி அவள் படித்தாள். நான் மேடைக்குப் பின்னால் ஜெனரேட்டர் பக்கமாக நகர்ந்தேன். அவள் அழப்போகிறாள் என்று நினைத்தேன். மைக் முழுக்க ஒரு சிரிப்புத்தான் வந்தது.

"ஐயா, ஒரு கால் கொறஞ்சுபோச்சு. இது பட்டு இல்ல, பாட்டு."

"நொண்டிப் பாட்டா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். திடலே சிரித்தது.

"நொண்டியோ முடமோ, கோர்வை மட்டும் பொய்யில்லீங்க. எங்கண்ணன் டோலக்குல போடும். மூணு தடவ வரும்."

"மூணு நாடாவா?" என்றார் பூதக்கண்ணாடிக்காரர்.

"அப்படியே வச்சிக்கங்க. மூணாவது முடியற எடத்துல என் பாட்டு சேரும். எங்க ஒட்டு தெரியுதோ அங்க எழுந்து போயிடுங்க."

அவர் உட்கார்ந்தார். சாமான் வாங்க வந்தவர் உட்காருகிற மாதிரி, நாற்காலி நுனியில்.

தறிக்குழிக் கொசுப் பாட்டை எடுத்தாள். இரண்டாவது வரியிலேயே முன்வரிசையில் ஒருவர் அனிச்சையாகக் காலைச் சொறிந்துகொண்டார். நடுவில் அண்ணன் கோர்வையைத் தொடங்கினார். ஒன்று. இரண்டு. பூதக்கண்ணாடிக்காரர் கண்ணை இடுக்கிக்கொண்டு, தலையைச் சாய்த்து, கரையும் உடம்பும் சேரும் இடத்தைத் தடவிப் பார்ப்பவர்போல வலது கைக் கட்டைவிரலை ஆள்காட்டி விரலில் தேய்த்துக்கொண்டிருந்தார். மூன்று. மூட்டை இறங்கியதுபோல டோலக் ஒரு 'ஹும்' போட்டு நின்றது. அந்த மூச்சிலேயே அவள் குரல் எழுந்தது.

"ஒட்டு தெரியலமா!" என்று அவர் கத்தினார். அன்று ஒரு சீட்டுகூட மேடைக்கு வரவில்லை. கொசுப் பாட்டை மட்டும் மூன்று முறை கேட்டார்கள்.

அந்த மாதத்திலேயே திருப்புட்குழியிலிருந்து ஒரு அழைப்பு வந்தது. பக்கத்துத் தெருக் கூழ் வார்த்தலுக்கு ஒன்று. ஆசிரியர் ஒருவரின் பணி ஓய்வு விழாவுக்கு ஒன்று. மூன்றோடு நின்றுவிட்டது. ஆடி கடைசி நாள் பூத்துக்குப் போய், என் பெண்ணின் காதுகுத்துக்கு வந்து பாடவேண்டும் என்று கம்பீரமாகக் கேட்டேன்.

"உங்க பொண்ணு காதுல ரெண்டு வருசமா கம்மல் ஆடுதுண்ணா. நீங்க கூப்பிட்டா கணக்குல சேராது" என்றாள். மேஜைமேல் தொழிற்சாலைக் கடிதம் இருந்தது.

தலையைக் குனிந்துகொண்டு கதவைத் திறந்தால் வெளியே பூதக்கண்ணாடிக்காரர், கையில் நாலாக மடித்த எங்கள் நோட்டீஸோடு. ஏதோ ஊருக்கு போன் பேச வந்தவர் என்று வழிவிட்டேன்.

"தையில எம் பொண்ணு கல்யாணம்மா. பொடவை நான் போடறேன். பாட்டு நீங்க போடணும்" என்றார் அவளிடம். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீதான அச்சாபீஸு? பத்திரிகையிலயும் அசல் பட்டுன்னே போடு சாரு. கால கீல சேத்து வச்சிடாத."

அவள் நாலாவது விரலை மடக்கினாள். அந்தக் கடிதத்தின் பின்பக்கத்தில்தான் கம்பெனி பஸ் பாட்டை எழுதினாள். ஹாரன் சத்தத்தில் தொடங்கும். அந்த ஹாரனை அண்ணன் வாயாலேயே அடிப்பார்.

அதன்பின் அவர்கள் 'கோர்வை' என்ற பெயரிலேயே ஊர் ஊராகப் போனார்கள், கேசட்டும் போட்டார்கள். என் புகழும் பரவியது. புல்லாங்குழல்காரர் ஒருவர் அச்சகத்துக்கே வந்து, "எனக்கும் அதேமாதிரி ஒரு தப்பு பண்ணிக் குடுங்க சார்" என்று கேட்டார். தப்பு அப்படியெல்லாம் கேட்டு வருவதில்லை என்று சொல்லி, உட்காரவைத்து, அவருடைய அப்பா என்ன வேலை பார்த்தார் என்று விசாரித்தேன். அந்தக் கேள்வியை எங்கே கற்றுக்கொண்டேன் என்று அவரிடம் சொல்லவில்லை.

கேசட் அட்டைக்கு நான் எழுதியது இரண்டே வரி: 'எங்கள் அப்பா அரிசி மில்லில் மூட்டைகளைக் கம்பீரமாகத் தூக்கினார். அந்த மூச்சில்தான் எங்கள் தாளம் நிற்கிறது.'

படித்துவிட்டு அவள் பேனாவைக் கேட்டாள். 'கம்பீரமாக'வை அடித்தாள்.

"இதுல ஒரு கால் மிச்சம்ணா" என்றாள்.