நான் வெட்டிய வரி

அந்தப் பொன்னாடை கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது. மூன்று பேர் அதைப் பிரித்துக் கையில் பிடித்துக்கொண்டு, என் மாமனார் நாற்காலியிலிருந்து எழட்டும் என்று காத்திருந்தார்கள். நூம்பலில் எங்கள் அடுக்குமாடி வீட்டின் கூடம். ஒரு வெள்ளிக்கிழமைக் காலை. அலுவலகப் பையைத் தோளில் மாட்டியபடி நான் சமையலறை வாசலில் நின்றிருந்தேன். அந்தப் பொன்னாடை அவரைத் தேடி வந்ததற்கு நான்தான் காரணம் என்பது அந்தக் கூடத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

மாமனார் அரசுக் கல்லூரியில் பொருளாதாரம் நடத்தி ஓய்வு பெற்றவர். அரசாங்கம் ரோட்டைப் போடட்டும், திருடனைப் பிடிக்கட்டும், மற்றபடி மனிதனை அவன் போக்கில் விடட்டும் என்பதுதான் அவர் கட்சி. ஷேர் ஆட்டோவுக்கு ஏன் இத்தனை பெர்மிட், நடைபாதையில் இட்லி விற்கிறவளிடம் ஏன் இத்தனை காகிதம் கேட்கிறீர்கள் என்று ஒரு வாரம் எழுதுவார். அடுத்த வாரம் சினிமாவையும், டி.வி. பாட்டுப் போட்டியையும், கல்யாண மண்டப ஆடம்பரத்தையும் பிடித்துக்கொள்வார். இடதுசாரி நண்பர்கள் அவரை முதலாளிகளின் ஆள் என்றார்கள். சாமி கும்பிடாதவர் என்பதால் பக்திமான்கள் அவர் பக்கத்தில் உட்காரவே யோசித்தார்கள். "ஆயுசு முழுக்க அரசாங்கச் சம்பளம், இப்ப பென்ஷன். அதை வாங்கிக்கிட்டே அரசாங்கத்தைத் தள்ளி நில்லுங்கறேன். என்னைத் திட்ட இதைவிட நல்ல காரணம் உங்களுக்குக் கிடைக்காது" என்று அவரே எடுத்துக் கொடுப்பார். ஒரு நாளிதழில் வாரம் தவறாமல் அவர் கட்டுரை வந்துகொண்டிருந்தது. அவர் தாளில் எழுதி என் மேஜையில் வைத்துவிடுவார். நான் டைப் செய்து அனுப்புவேன். அச்சில் வந்ததை அவர் திரும்பிப் பார்ப்பதே இல்லை.

அந்த வாரம் ஒரு நகைச்சுவைப் படத்தைப் பார்த்துவிட்டு வந்து எழுதியிருந்தார். கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போகும் பெண்களைக் கேவலமாகக் காட்டிய படம். நானும் அம்பத்தூர் எஸ்டேட்டுக்குக் கம்பெனி பஸ்ஸில் போகிறவள்தான். அதன் ட்ரெய்லர் வந்த மறுநாள் எங்கள் பஸ்ஸில் யாரும் யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. மாமனார் அந்தப் படத்தை நார்நாராகக் கிழித்திருந்தார். டைப் செய்யும்போது என் விரல்கள் பறந்தன. ஆனால் கடைசி வரி இப்படி இருந்தது: 'இந்தக் குப்பையைப் பார்க்காதீர்கள் என்பேன், பார்க்கவிடாமல் தடுக்க வருகிறவர் பக்கம் ஒருநாளும் நிற்க மாட்டேன்.' பூந்தமல்லியில் அந்தப் படத்தை நிறுத்த வேண்டும் என்ற பேச்சு அப்போதே கிளம்பியிருந்தது. என் கணவருக்குப் புனேயில் வேலை. வீட்டில் நானும், இதயத்துக்கு மாத்திரை சாப்பிடும் மாமனாரும்தான். எதற்கு வம்பு என்று அந்த வரியை அழித்துவிட்டு அனுப்பினேன். பயம் மட்டும்தான் காரணம் என்று சொன்னால் அது பொய். படத்தை நிறுத்தினால் நல்லதுதான் என்று நானும் நினைத்தேன்.

வந்த மூவரில் முன்னால் நின்றவர் பூந்தமல்லியில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தவர். "இன்னாமா எய்திகீறீங்க சார்! என் தங்கச்சியும் கம்பெனி பஸ்லதான் போவுது. படிச்சிட்டு அயுதுடுச்சு. ஞாயித்துக்கெயமை மேட்னி ஷோவை நிறுத்தப் போறோம். தியேட்டராண்ட வந்து நாலு வார்த்தை பேசுங்க சார்" என்றார்.

"நிறுத்தக்கூடாதுன்னுதானே எழுதியிருக்கேன்?" என்றார் மாமனார்.

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒர்க்‌ஷாப்காரர் மடித்து வைத்திருந்த பத்திரிகையை நீட்டினார். மாமனாரின் விரல் ஒவ்வொரு பத்தியாக இறங்கி, கட்டுரை முடிந்த இடத்தில் நின்றது. என் பக்கம் அவர் திரும்பவில்லை. "இது நான் எழுதினது முழுசா இல்லை. பொன்னாடையை எடுத்துட்டுப் போங்க. ஞாயித்துக்கிழமை கண்டிப்பா வரேன், டிக்கெட் வாங்கிப் படம் பார்க்க" என்றார்.

"எங்க பொண்ணுங்களை அசிங்கப்படுத்துனவனுக்கு நீ சப்போட்டா?" நீங்க, நீயாகிவிட்டது. "வா. வந்து பாரு."

கதவைச் சாத்திவிட்டு வந்தேன். "பேப்பர்காரங்க வெட்டினாங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். "நான்தான் மாமா" என்றேன். அவர் நாற்காலியை என் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு, "டைப் பண்ண மாட்டேன்னு சொல்லியிருக்கலாம்மா. அது உன் இஷ்டம், நான் வேற ஆளைப் பார்த்திருப்பேன். ஆனா என் பேரைப் போட்டு நீ பேசிட்டியே" என்றார். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தேன். கணவரும் போனில் சொல்லிப் பார்த்தார். மாமனார் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். பின்னாலேயே நானும் போனேன். மெட்ரோ வேலைக்காக அடைத்திருந்த தடுப்புகளுக்கு இந்தப் பக்கமே ஆட்டோக்காரர் வண்டியை நிறுத்தினார். "பெரியவரே, அங்க கலாட்டா நடந்துகினு கீது. எறங்காதீங்க." அவர் இறங்கிவிட்டார். தியேட்டர் வாசலில் ஒரு கூட்டம் கோஷம் போட்டுக்கொண்டிருந்தது. இரண்டு போலீஸ்காரர்கள் ஓரமாக நின்றிருந்தார்கள். ஒரு டிக்கெட்கூட விற்காவிட்டால் காட்சியை ரத்து செய்துவிடுவதாக மேனேஜர் சொல்லியிருந்தாராம். அதனால் ஒருவரும் கவுன்ட்டர் பக்கம் போகாமல் கூட்டம் பார்த்துக்கொண்டது.

அவர் அந்தக் கூட்டத்துக்குள் நுழைந்தார். இரண்டடி பின்னால் நான். கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு பெண் குரல், "ஏய், நீயுமா?" என்றது. திரும்பினேன். பஸ்ஸில் தினமும் என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வருகிறவள். என் கால் அங்கேயே நின்றுவிட்டது. அவர் மட்டும் போனார். கவுன்ட்டரில் அவர் கையை நீட்டியபோது எங்கிருந்தோ வந்த செருப்பு ஒன்று அவர் முதுகில் விழுந்தது. வெள்ளைச் சட்டையில் சேற்றின் தடம். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. டிக்கெட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனார், கதவு மூடியது.

படம் முடிகிற வரை மெட்ரோ தடுப்பின் ஓரத்தில் நின்றேன். அவருடைய மாத்திரை என் கைப்பையில் இருந்தது. உள்ளே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தால்கூடப் பார்க்க ஆளில்லையே என்று நினைத்து அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். அப்போதும் அந்த வாசலைத் தாண்ட என் கால் வரவில்லை. கடைசியில் கதவைத் திறந்துகொண்டு அவர் ஒருவராக வெளியே வந்தார். ஒர்க்‌ஷாப்காரர் வழியை மறித்து நின்றார். கோஷம் அடங்கியது.

"படம் எப்டி கீது?"

"போன தடவையைவிட மோசம்."

பின்னாலிருந்து யாரோ சிரித்துவிட்டார்கள். ஒர்க்‌ஷாப்காரர் சிரிக்கவில்லை; ஆனால் ஒதுங்கி வழிவிட்டார்.

நடந்ததையெல்லாம் அந்த வாரம் எழுதினார். இந்த முறை தாளை மேஜையில் வைக்கவில்லை. கையில் பிடித்துக்கொண்டு, "டைப் பண்றியாம்மா?" என்று கேட்டார். அதுவரை அவர் அப்படிக் கேட்டதில்லை. ஒரு புள்ளி விடாமல் டைப் செய்து அனுப்பினேன். பத்திரிகை அதைப் போடவில்லை. அடுத்து அனுப்பியதையும் போடவில்லை. "அவங்க பத்திரிகை, அவங்க இஷ்டம்" என்றார். ஆனால் காபியைப் பாதியிலேயே வைத்துவிட்டார். நான் ஒரு வலைப்பூ தொடங்கிக் கொடுத்தேன். அதைப் படித்தவர்கள் மிகச் சிலர். ஆனாலும் வாரம் தவறாமல் எழுதினார், வாரம் தவறாமல் என்னைக் கேட்டார்.

அவர் போய் ஒரு வருடமாகிறது. தியேட்டர் வாசலைவிட அடிக்கடி என் நினைவுக்கு வருவது, அவரது கடைசி மாதங்களில் ஒரு பிற்பகல். அன்று அந்த ஒர்க்‌ஷாப்காரர் வந்து எங்கள் செருப்பு ஸ்டாண்டு பக்கத்திலேயே நின்றார். தெருவைத் தோண்டிப் போட்டுவிட்டு மூடாமல் போனதற்காக மைக்கில் ஓர் அதிகாரியை வாய்க்கு வந்தபடி பேசியிருக்கிறார். அவர்மேல் வழக்குப் போட்டுவிட்டார்கள். "நீங்க எய்தினா நாலு பேர் கேப்பாங்க சார்" என்றார். மாமனார் அவரை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். வந்தவர் போனதும் உட்கார்ந்து எழுதினார். இந்த மனிதர் பேசியது பண்பில்லாத பேச்சு, பேசியதற்கு வழக்குப் போட்டது அதைவிடப் பண்பில்லாத காரியம் என்று ஆரம்பித்தது கட்டுரை.

"டைப் பண்றியாம்மா?"

"இந்த ஆளுக்காக நான் பண்ண மாட்டேன் மாமா."

என்னை நிமிர்ந்து பார்த்தார். "சரிம்மா, உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தார். ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டும் சத்தம் சமையலறைவரை கேட்டது. கொஞ்ச நேரத்தில் அது நின்றுபோனது.

"ஏம்மா, வழக்குக்கு வர்ற 'ழ' இதுல எங்க இருக்கு?"

அதை மட்டும் சொன்னேன்.