கொள்ளின் மேல் ஏறாத கார்

மச்சானின் ஸ்போர்ட்ஸ் காரில் கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்குப் போனேன். அடிவாரத்தில், பஸ்ஸும் லாரியும் ஏறி மணி உதிரட்டும் என்று, சேலைக்கு மேல் ஆம்பிளைச் சட்டை போட்ட ஒரு அம்மா ரோடு முழுக்கக் கொள்ளுச் செடியைப் பரப்பியிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“ரோடு என்ன உங்க களமா? அள்ளுங்கம்மா, காருக்கு அடி தட்டும்.”

அவர் குனிந்து காரின் அடியில் சாண் வைத்துப் பார்த்தார். கை நுழையவில்லை.

“கொள்ளு மேலயே ஏறாத வண்டி மலை ஏறப் போவுதா? களம் கட்டித் தரோம்னு வருசா வருசம் சொல்லிக்கினுதான் கீறாங்க. கட்டட்டும், ஒன் ரோட்ட நீயே வச்சிக்க.”

ஆனாலும் காலாலேயே செடியைத் தள்ளி வழிவிட்டார். கண்ணாடியில் பார்த்தேன், பின்னால் வந்த பஸ்ஸுக்காக மறுபடி பரப்பிக்கொண்டிருந்தார்.

நான் வேடிக்கை பார்க்கப் போக இவ்வளவு வழவழப்பாக ரோடு போட்டவர்களுக்கு, அவருக்கு ஒரு சிமெண்ட் களம் போட மட்டும் ஏன் மனசு வரவில்லை?