பொலித்தீன் சுற்றிய கட்டில்கள்

யுத்தம் முடிந்து கடலில் கட்டுப்பாடுகள் தளர்ந்த பிறகு, காற்றுச் சிலிண்டர் கட்டிக்கொண்டு கடலட்டை பிடிக்க இறங்குகிறவர்கள் எங்கள் பக்கத்தில் கூடிப்போனார்கள். என் கணவரும் இறங்கினார். மாம்புரிக்கு நேரே ஆழக்கடலில் ஒரு நாள் காற்று முடிந்து, அவசரமாக மேலே வந்தார். அப்படி வந்தால் இரத்தத்தில் குமிழ் கட்டிவிடும் என்பதைப் பிறகுதான் எனக்கு விளக்கினார்கள். படகில் ஏற்றும்போது பேசிக்கொண்டுதான் இருந்தாராம். கரைக்கு வந்து இறங்கப் பார்த்தபோது இடுப்புக்குக் கீழே எந்த உணர்ச்சியும் இல்லை.

முதலில் கொழும்பு ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். அங்கேதான் காற்று மெத்தையைக் கண்டேன். மெத்தை முழுவதும் குழாய் குழாயாக இருக்கும். கட்டிலின் கால்மாட்டில் கொளுவிய சின்ன மோட்டார்ப் பெட்டி ஒன்றுவிட்டு ஒன்றாக அவற்றுக்குள் காற்றை நிரப்பும். பிறகு அவை வடிய, மற்றவை நிரம்பும். நாங்கள் நித்திரையில்கூடப் புரள்கிறோம். அவரால் புரள முடியாது, ஒரே பக்கம் கிடந்தால் தோல் புண்ணாகிவிடும். அவருக்காக அந்த மெத்தை புரண்டுகொண்டிருந்தது. கட்டிலும் பொத்தானை அழுத்தினால் தலைப்பக்கம் எழும்பும், ஒரு பக்கமாகச் சாயும். அங்கே இருந்த வரைக்கும் அவருடைய தோலில் ஒரு சிவப்புக்கூட விழவில்லை.

பிறகு எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்கு அனுப்பினார்கள். பழைய இரும்புக் கட்டில். தலைப்பக்கத்தை உயர்த்தும் கைப்பிடி எப்போதோ உடைந்துபோய், முதுகுக்கு முட்டாக ஒரு கதிரையைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். மெத்தை நடுவில் குழி விழுந்து, ரெக்சின் கிழிந்து கிடந்தது. தாதிமார் ஓடி ஓடித்தான் வேலை செய்தார்கள். ஆனால் வார்ட் முழுவதையும் இரண்டு பேர் எப்படிப் புரட்டுவது? நான் பகலில் புரட்டினேன். ஆனாலும் கொஞ்ச நாளில் விரிப்பில் ஈரம் கண்டேன். திருப்பிப் பார்த்தால் இடுப்பெலும்புக்கு மேலே தோல் கறுத்து, ஓரத்தால் கிழிந்திருந்தது. அவருக்கு எதுவும் தெரியாது.

"என்ன புள்ள பாக்கிற?" என்று கேட்டார்.

"ஒண்டுமில்ல. வேர்வை," என்றேன்.

பக்கத்துக் கட்டிலில் கற்பிட்டிப் பக்கத்து வெங்காயத் தோட்டக்காரர் ஒருவர், வாதம் வந்து கிடந்தார். அவருடைய மகளும் என்னைப்போல வாப்பாவைப் புரட்டிப் புரட்டிக் கை ஓய்ந்தவள். ஒரு நாள் அவள்தான் என்னை இழுத்துக்கொண்டு போய், தாழ்வாரத்தின் முடிவில் பூட்டியிருந்த அறையின் ஜன்னலைக் காட்டினாள். உள்ளே புதுக் கட்டில்கள், பொலித்தீன் சுற்றியபடி. ஒவ்வொன்றின் மேலும் சுருட்டிய காற்று மெத்தையும் மோட்டார்ப் பெட்டியும். வெளிநாட்டிலிருந்து யாரோ நன்கொடையாக அனுப்பியவை.

நிர்வாக அலுவலரிடம் போய்க் கேட்டேன்.

"திறப்பு விழா வைக்காம எடுக்கேலாது," என்றார். "அமைச்சர் இன்னும் திகதி தரல்ல."

"கட்டிலுக்கு என்னத்துக்குச் சேர் திறப்பு விழா? படுக்கத்தானே செஞ்சிரிக்கி?"

"நீங்க கொஞ்சம் ஸபர் செய்யணும்," என்றார். ஸபர்! பொறுமை என்ற அந்தச் சொல்லை அல்லாஹ் எங்களுக்குத் தந்தது இவரைப்போன்ற ஒருவர் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு சொல்வதற்கா? டொக்டரிடம் போனேன். அவர் நல்ல மனிதர், தலையைக் குனிந்துகொண்டார். அந்த நல்ல குணத்தின் மேல் எனக்கு இன்னும் கூடுதலாகக் கோபம் வந்தது.

வெங்காயத் தோட்டக்காரருடைய புண்ணில் கிருமி ஏறி, காய்ச்சல் கண்டு, அவர் மௌத்தானார். நல்ல காற்று மெத்தைகள் நாற்பது அடி தள்ளிப் பூட்டிக்கிடக்க, ஒரு மனிதர் முதுகு அழுகிச் செத்தார். ஜனாஸாவைக் கொண்டுபோகும்போது மகள் என்னைக் கட்டிப்பிடித்தாள். நான் அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகுதான் அமைச்சருக்கு நேரம் கிடைத்தது. காலையிலேயே வார்டைக் கழுவி, கட்டில்களைக் கொண்டுவந்து போட்டார்கள். என் கணவர் வயதில் குறைந்தவர், பார்வைக்கும் நன்றாக இருப்பார். அதனால் அவரைத் தூக்கி முன்கட்டிலில் கிடத்தினார்கள். அமைச்சர் பொத்தானை அழுத்தினார், தலைப்பக்கம் எழும்பியது, எல்லோரும் கைதட்டினார்கள். படம் பிடித்தார்கள். மெத்தையின் மோட்டாரை யாரும் பிளக்கில் போடவில்லை. சத்தம் பேச்சுக்கு இடைஞ்சலாம். காற்று இல்லாத றப்பருக்கு மேலே என் கணவர் புண்ணோடு படுத்திருந்து சிரித்தார்.

விருந்து முடிந்து வாகனங்கள் போனதும் அட்டெண்டன்மார் இரண்டு பேர் பழைய கட்டிலைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பின்னால் நிர்வாக அலுவலர்.

"அவர மாத்துங்க. புது வார்ட் கட்டும் வரைக்கும் இதெல்லாம் உள்ளுக்கு வைக்கணும்."

நான் குனிந்து பிளக்கைச் செருகினேன். மோட்டார் முனகத் தொடங்கியது. பிறகு கட்டிலில் ஏறி, அவருடைய காலடியில் உட்கார்ந்து, ஓரக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"தங்கச்சி, எறங்குங்க. பொலிசக் கூப்பிடுவேன்."

"கூப்பிடுங்க. அவங்க வந்தா புண்ணத் திறந்து காட்டுவேன். பக்கத்துக் கட்டில் ஏன் காலியா இரிக்கிண்டும் சொல்லுவேன்."

என் கணவர் வெட்கத்தில் கண்ணை மூடிக்கொண்டார். "விடு புள்ள. அவங்கட சாமான்."

"நீங்க வாய மூடுங்க!" என்று அவரிடமும் கத்தினேன். "உங்களுக்குத்தான் நோவு தெரியாது. எனக்குத் தெரியுது!"

எதிர்க்கட்டிலில் கிடந்த கிழவருடைய மகன் எழும்பினான். முந்தல் பக்கத்து இறால் பண்ணையில் வேலை செய்கிறவன், அது வரைக்கும் ஒரு சொல் பேசாதவன். "அப்ப எங்கட வாப்பாவுக்கும் ஒண்டு போடுங்க," என்றான். இன்னொருவர் எழும்பினார். சத்தம் கேட்டுத் தலைமைத் தாதி வந்தார். சிங்களப் பெண்மணி, தமிழ் அரைகுறை. புண்ணைப் பார்த்தார், அலுவலரைப் பார்த்தார். "மே லெடாவ ஹொல்லண்ட எப்பா," என்று அட்டெண்டன்மாருக்குச் சொன்னார், இந்த நோயாளியை அசைக்க வேண்டாம் என்று. பிறகு தமிழில் என்னிடம், "நீங்க எறங்குங்க. மெத்தைக்குப் பாரம்," என்றார். நான் இறங்கினேன்.

அன்று பின்னேரம் மற்றக் கட்டில்களும் ஒவ்வொன்றாகத் தேவையானவர்களுக்குப் போயின. அலுவலர் பிறகு என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். புண் ஆறப் பல மாதங்கள் எடுத்தது. ஆறிய இடத்தில் இன்னும் ஒரு குழி. இப்போது அவர் சக்கர நாற்காலியில் இருந்து படகு எஞ்சின் திருத்துகிறார். என்னைப்பற்றிக் கதை வந்தால், "இவ பொலிசுக்கும் பயப்படல்ல," என்று வருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்வார். எனக்கு அந்தப் பெருமை வேண்டாம். கட்டிலில் ஏறிக் குந்தி ஒரு மெத்தையைப் பிடித்து வைக்க வேண்டிய நிலைக்கு ஒரு பெண்ணை ஏன் தள்ள வேண்டும்?

தோட்டக்காரருடைய மகளை ஒரு முறை கற்பிட்டி பஸ்ஸில் கண்டேன்.

"கட்டில் குடுத்தாங்களாம்?" என்று கேட்டாள்.

"ஓம்."

"எப்ப?"

சொன்னேன். அவள் விரலை மடித்து, வாப்பா போய் எத்தனையாவது நாள் அது என்று எண்ணிப் பார்த்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.