தேங்காயெண்ணெய் கலந்த படகு

எனக்கு அதிகம் எழுத வராது. ஆனாலும் இதை இன்னொருவர் கையால் எழுதுவிக்க மனம் ஒப்பவில்லை. நானே எழுத்துக் கூட்டி எழுதுகிறேன்.

மலையாள தேசத்துக் கரமனையில் எங்கள் வீட்டுக் கொல்லைக்கு அடுத்தாற்போல் ஆறு. ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த என் வீட்டுக்காரர், ஆசைப்பட்டு ஒரு வருஷம் பாடுபட்டு, மாட்டுக்கொட்டிலில் தானே ஒரு படகு செய்தார். கடைசியில், பலகை இடுக்குகளை அடைக்கக் குங்கிலியத்தில் மீனெண்ணெய் கலக்க வேண்டும் என்றார்.

“விளக்கேத்தற ஆத்துல மீனெண்ணெயா? அதை நான் செத்தப்புறம் கலந்துக்கோங்கோ! இப்போ தேங்காயெண்ணெய் போதும்.”

“தேங்காயெண்ணெய் காயாதுடி. ஜலம் எறங்கும்.”

“அப்போ என் வார்த்தைக்கு மதிப்பு அவ்வளவுதானா?”

அவர் தேங்காயெண்ணெயையே கலந்தார்.

அந்த ஆடி மாசம், கர்க்கடக மழையில் ஆறு வீட்டுக்குள் வந்துவிட்டது. கைக்குழந்தையோடு படகில் ஏறினோம். தெருமுனை தாண்டுவதற்குள் இடுக்கெல்லாம் கசிந்தது. அவர் செம்பால் மொண்டு கொட்டக் கொட்ட ஜலம் ஏறியது. குழந்தையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து அலறினேன். நான் கூப்பிடாத தெய்வம் இல்லை.

“குட்டியெ இங்கோட்டு தா, அம்மே!”

ஒரு மீன்காரர் தன் வள்ளத்தைப் பக்கத்தில் கொண்டுவந்து கை நீட்டினார். தீட்டு என்ற நினைவே வரவில்லை, கொடுத்துவிட்டேன். எங்களையும் இழுத்துப் போட்டார். எங்கள் படகு கண்ணெதிரே அமிழ்ந்தது. அவருடைய வள்ளம் முழுக்க மீனெண்ணெய் நாற்றம். அடியில் துளிக் கசிவில்லை.

“பேனா புடிக்கற கைக்கு உளி எதுக்கு ஓய்?” என்று தெருவே என் வீட்டுக்காரரைக் கேலி செய்தது. சாகும்வரை சிரித்தபடி கேட்டுக்கொண்டாரே தவிர, என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை.

அவர் வேலையில் ஒரு குறையும் இல்லை. எண்ணெய் நான் கொடுத்தது.