பழைய டர்போவும் என் மூக்குக் கண்ணாடியும்

பழைய டர்போவைப் பிக்கப் வண்டிக்கு மாட்டிக் கொடுக்கிற தொழிலில், வண்டி பட்டறைக்குள் நிற்கும்வரை கவலை வண்டிக்காரருக்கு. அது வெளியே போன பிறகு கவலை முழுவதும் எங்களுக்கு. பழைய ஃபிரிட்ஜ், பழைய தண்ணீர் மோட்டார், யாரோ ஓட்டித் தேய்த்த ஸ்கூட்டர் என்று எதையாவது வாங்கி வைத்துவிட்டு, சாப்பிடும்போதும் அதன் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருப்பவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

பட்டறை தஞ்சாவூரில், பட்டுக்கோட்டை சாலையில் இருக்கிறது. டீசல் இஞ்சின் வேலை என் கணவர் சிவானந்தத்துடையது. நான் கல்லூரியில் தமிழ் இலக்கியம் படித்து, பள்ளியில் செய்யுள் நடத்தி ஓய்வு பெற்றவள். பட்டறையில் எனக்கு ஒரு நாற்காலியும் ஒரு நோட்டும் உண்டு. யார் வண்டி, என்ன வேலை, எப்போது தர வேண்டும் என்று எழுதிக்கொள்வேன். ஊருக்குத் தெரிந்த வேலை அவ்வளவுதான்.

கொசு

டர்போ என்பது நத்தை வடிவத்தில் ஓர் இரும்புக் கூடு. இஞ்சினிலிருந்து புகை வெளியேறும் வேகத்தில் அதற்குள் ஒரு சக்கரம் சுற்றும். அந்தச் சுழற்சி காற்றை அழுத்தி இஞ்சினுக்குள் தள்ளும். வண்டிக்கு இழுவை வருவது அதனால்தான். சக்கரம் நன்றாக இருந்தால் மெல்லியதாக ஓர் 'ஊ' கேட்கும். கெட்டால் அந்த 'ஊ' மாறும். ஒருநாள் நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டியின் பக்கத்தில் நின்றுகொண்டு, டர்போ சுற்றவே இல்லை என்றார் என் கணவர். எனக்கோ அது காதைத் துளைத்துக்கொண்டிருந்தது. நாற்பது வருடம் இரும்பைத் தேய்த்த சத்தத்தில் அவர் காது மெல்லிய ஒலிகளை இழந்துவிட்டிருந்தது. பிஸ்டன் இடிப்பது கேட்கும், பேசினால் கேட்கும். இது மட்டும் கேட்காது.

வண்டிக்காரர்களுக்குத் தெரிந்தால் யார் வருவார்கள்? எனவே எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. டர்போ மாட்டி வண்டியை ஸ்டார்ட் செய்ததும் நான் கேட்பேன். சத்தம் சரியாக இருந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைப்பேன். சரியில்லை என்றால் நோட்டை மூடுவேன். ஏற்பாடு முடிவான அன்று அவர் சொன்னார்: "கொசு சத்தம் கேக்காம தூங்குறேன், அது லாபம். டர்போவுக்குத்தான் வசந்தா, நீ வேணும்."

சாவி

கெட்ட டர்போ என்ன செய்யும் என்று ஒருமுறை பார்த்துவிட்டேன். பூம்புகாரிலிருந்து மீன் ஏற்றிவரும் வண்டி. வேறெங்கோ மாட்டிய பழைய டர்போ. எங்கள் வாசலில் வந்து நின்றதும் இஞ்சின் தானாக முறுக்கேறத் தொடங்கியது. டர்போவில் எண்ணெய்க் கசிவைத் தடுக்கும் வளையம் தேய்ந்து, எண்ணெய் காற்றுக் குழாய்க்குள் வடிந்தால், இஞ்சின் டீசலை விட்டுவிட்டுத் தன் எண்ணெயையே குடித்து ஓடும். டிரைவர் அணைத்தார், அது நிற்கவில்லை. சாலை முழுக்க வெள்ளைப் புகை. வெடித்துவிடும் என்று டீக்கடைக்காரர் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடினார்.

என் கணவர் ஒரு சாக்கைத் தண்ணீரில் நனைத்து, காற்று போகும் வாயில் வைத்து இரு கையாலும் அழுத்தினார். இஞ்சின் மூச்சுத் திணறி, இரண்டு குலுங்கு குலுங்கி நின்றது. அந்த இஞ்சின் பிறகு பிழைக்கவில்லை. டிரைவர் கையை விரித்துக் காட்டிக்கொண்டு என்னிடம் வந்தார்: "சாவி என் கையிலதாங்க இருந்துச்சு, பாருங்க, இங்கதான் இருந்துச்சு."

மஞ்சள்

டர்போவைக் கழற்றினால் இஞ்சினில் நாலு வாய்கள் திறந்து கிடக்கும். ஒரு நட்டு உள்ளே விழுந்தால் போதும், கதை முடிந்தது. அவற்றைத் துணியால் அடைப்போம்; மாட்டும்போது ஒரு துணியை மறந்தாலும் அதே முடிவுதான். என் பழைய சேலைகளை நாலு நிறத்தில் கிழித்து வைத்திருக்கிறேன். எண்ணெய் வரும் வழிக்கு மஞ்சள், போகும் வழிக்கு நீலம், காற்றுக்குப் பச்சை, புகைக்குச் சிவப்பு. பச்சை என் தம்பி கல்யாணத்துக்குக் கட்டியது. துணிகள் வெளியே வந்ததும் நிறம் சொல்லி நோட்டில் குறித்துக்கொள்வேன்.

ஒருநாள் மஞ்சள் வரவில்லை. பட்டறை முழுக்கத் தேடினோம். பூட்டியதையெல்லாம் மறுபடி கழற்றினோம். எங்களிடம் பதினைந்து வருடமாக வேலை செய்யும் ஃபிட்டர் அந்தோணி வண்டிக்கடியில் படுத்துத் தேடினார். வெளியே வந்து நெற்றியைத் துடைக்கக் கையைத் தூக்கியவர் அப்படியே நின்றார். வியர்வைக்குத் தலையில் கட்டியிருந்தது மஞ்சள். "ரெண்டு மணி நேரமா எல்லாரும் என் மூஞ்சியப் பாத்துத்தானே டீச்சர் பேசுனீங்க?" என்றார்.

ஏன் நின்றது

போன குறுவைக்கு மதியழகன் வந்தார். திருப்பனந்தாள் பக்கத்துக்காரர். நாற்று நடும் இயந்திரங்களுக்கு ட்ரேயில் வளர்த்த நாற்றுகளை ஏற்றிக் கொடுப்பது அவர் தொழில். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது, ஏழு பேருக்கு நாற்று கொண்டுவருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார், வண்டியின் டர்போ போய்விட்டது. நாற்றுக்கு வயது பதினாறு நாள். இருபதைத் தாண்டினால் வேர் பின்னிக்கொண்டு இயந்திரத்தில் ஓடாது. ஏழு பேர் வயலும் சேறடித்துக் காத்திருக்கிறது. புதிய டர்போ வந்து சேர ஒரு வாரம் என்றார்கள்.

என் கணவரும் நானும் திருச்சிக்குப் போய்ப் பழைய இரும்புக் கடைகளில் தேடினோம். அதே மாடல், கம்பெனியில் மாட்டி வந்த அசல் டர்போ ஒன்று கிடைத்தது. சக்கரத்தின் அச்சை விரலால் மேலும் கீழும் அசைத்துப் பார்த்தார். கொஞ்சம் ஆடியது; ஆடலாம் என்கிற அளவுக்குள்தான் ஆடியது. என்றாலும் அவர் அதைக் கீழே வைக்கவும் இல்லை, பையில் போடவும் இல்லை. கடைக்காரர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "ஓடிக்கிட்டிருந்த வண்டியில கழட்டுனதுண்ணே. அந்த வண்டி ஏன் நின்னுச்சுன்னு மட்டும் என்னைக் கேக்காதீங்க."

எலுமிச்சம்பழம்

மறுநாள் மதியத்துக்குள் மாட்டியாகிவிட்டது. நாலு நிறமும் வெளியே வந்தன. ஸ்டார்ட் செய்ததும் 'ஊ' மெல்ல ஏறி, மெல்ல இறங்கியது. தென்னந்தோப்புக்குள் காற்று நுழைந்து வெளியேறுவது போலச் சுத்தமான ஒலி. கண்ணாடியைத் துடைத்தேன். என் கணவர் கை கழுவப் பின்பக்கம் போனார்.

அதற்குள் மதியழகன் நாலு சக்கரத்தின் கீழும் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தார். கோயில் வாசலில் புது வண்டிக்குச் செய்வதுபோல, பழம் ஒரே நசுக்கில் நசுங்க வேண்டும் என்று ஆக்சிலேட்டரை அடிவரை மிதித்தார். வண்டி உறுமித் துள்ளியது. கற்பூரம் காட்டும்போது இஞ்சின் ஓடக்கூடாது என்று அந்த நிமிடமே அணைத்தார். டர்போவுக்கு இதைவிடக் கெடுதல் இல்லை. இஞ்சின் நின்றால் எண்ணெய் வருவது நின்றுவிடும். சக்கரமோ அந்த வேகத்தில் எண்ணெயில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும். வேண்டாம் என்று நான் கத்தியது உறுமலில் யாருக்கும் கேட்கவில்லை.

மறுபடி ஸ்டார்ட் செய்தார். அதே 'ஊ'தான். ஆனால் இறங்கும் இடத்தில், பட்டுத்துணியில் நகம் பட்டதுபோல ஒன்று இருந்தது. இருந்ததா? மறுபடி கேட்டேன், இருந்தது போலவும் இருந்தது, நான் பயந்ததால் கேட்டது போலவும் இருந்தது. திரும்பி வந்த என் கணவர் என் முகத்தைப் பார்த்தார். என் கையில் நோட்டு திறந்தே இருந்தது. மதியழகன் திருநீறு பூசிக்கொண்டே பதினேழு நாள், பதினேழு நாள் என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். மூடினால் இன்னொரு டர்போ, இன்னும் எத்தனை நாளோ. என் கை மேலே போய்க் கண்ணாடியைக் கழற்றியது. முந்தானையை எடுக்கும் முன்பே மதியழகன் கியரைப் போட்டார்: "டீச்சர் கண்ணாடியைத் தொடைக்கிறாங்கண்ணே, நான் கெளம்புறேன்."

நோட்டு

மதியழகனுக்கு எங்கள் அடையாளம் தெரிந்திருக்கிறது. எத்தனை பேருக்குத் தெரியுமோ. அந்த மனிதர் என் கணவரின் கையை நம்பிப் போகவில்லை, என் கண்ணாடியை நம்பிப் போயிருக்கிறார். அன்று முழுவதும் சாலையில் போன எந்த வண்டியும் எனக்கு நகத்தால் கீறிக்கொண்டே போனது. மறுநாள் காலை காப்பியைக் கொடுக்கும்போது என் கணவரிடம் சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "எப்படி இருந்துச்சு?" என்றார். பட்டில் நகம் பட்டதுபோல என்றேன். காப்பியை வைத்துவிட்டுப் போனை எடுத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, மதியழகன் எடுக்கவில்லை.

அந்தோணியை ஏற்றிக்கொண்டு திருப்பனந்தாளுக்குப் போனோம். வழியெல்லாம் வெள்ளைப் புகையைத் தேடிக்கொண்டே போனேன். ஒரு வரப்போரம் வண்டி நின்றது, முழுப்பாரம் ஏற்றி, கிளம்பத் தயாராக. என் கணவர் காற்றுக் குழாயைக் கழற்றி உள்ளே விரலை விட்டார். விரல் கறுப்பாக, எண்ணெய் சொட்ட வெளியே வந்தது. மீன் வண்டியைப் பற்றி மதியழகனுக்கு யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை. விரலைப் பார்த்ததும் சாவியை எடுத்து என் கணவர் கையில் கொடுத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்தார். நான்தான் சொன்னேன்: "நேத்தே எனக்குக் கேட்டுச்சு, மதி. நோட்டை மூடியிருக்கணும்." அவர் வண்டியிலிருந்த ட்ரேக்களை எண்ணத் தொடங்கினார். அதைவிட ஏதாவது திட்டியிருக்கலாம்.

சக்கரத்தை உருவி எடுத்து, அந்த இடத்தையும் எண்ணெய் வழியையும் தகடு வைத்து அடைத்து, டர்போ வேலை செய்யாமலே வண்டியை ஓடவைத்தார்கள். இழுவை பாதிதான். பாதிப் பாரம், இரண்டு மடங்கு நடை, கரும்புகை. நாற்றுக்குப் பத்தொன்பது நாளாகும்போது ஏழாவது வயலில் கடைசி ட்ரே இறங்கியது. அடுத்த வாரம் வேறொரு பழைய டர்போவுடன் மதியழகன் வந்தார். மாட்டி முடித்ததும் எலுமிச்சம்பழத்தை வைத்தார், வண்டியை மெல்ல உருட்டி நசுக்கினார், கற்பூரம் கையில் காத்திருக்க, முழுதாக இரண்டு நிமிடம் இஞ்சினை மெதுவாக ஓடவிட்டுத்தான் அணைத்தார். பிறகு என் நாற்காலியருகே வந்து நோட்டைத் தொட்டுக் காட்டினார்: "சந்தேகமா இருந்தா இத மூடிருங்க டீச்சர். நான் கோவிச்சுக்குவேன், ஆனா மூடிருங்க."

இப்போது எங்களிடம் ரகசிய அடையாளம் எதுவும் கிடையாது, சரியில்லை என்றால் வாயால் சொல்லிவிடுகிறேன். ஆனால் வெயிலில் கண்ணாடி வியர்த்துத் துடைத்தால்கூட, பட்டறையில் நிற்கும் வண்டிகளில் ஒன்று கிளம்பிப் போய்விடுகிறது.